விய வருஷம், மாசி மாதம்

தவலையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அதன் கழுத்தைச் சுற்றித் தனகாவைப் பூசினார் மக்தலேனா. காலையில் முகத்தில் பூசக் கல்லில் அரைத்த மரப்பட்டை விழுதில் மிஞ்சியது. ஒரு நிமிடம் காயவிட்டு, பழந்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். பித்தளை கறுப்பாகவே இருந்தது. உளியால் குத்திய புள்ளிகளில் மட்டும் தனகா தங்கி, எழுத்துகள் வெளிறித் தெரிந்தன. பாதி தேய்ந்த எழுத்துகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் படித்தார்.

“ராமலிங்கம் தைலம்மாள் கலியாணம். மாமன் பழனியப்பன் சீர். விய வருஷம் மாசி மாசம். ரங்கோன். தவலை ரெண்டு.”

“எங்கம்மாதான் சாயாமா, தைலம்மா” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த கருப்பையா.

“உங்கம்மான்னு எனக்குத் தெரியும். ஆபீஸுக்கு உங்கப்பா வேணும். அவர் பேரு முதல்ல நிக்குது, நல்ல வேளை.”

மெல்லிய காகிதம் ஒன்றை எழுத்துகளின் மேல் போர்த்தி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். காகிதம் கறுக்க, புள்ளிகள் வெள்ளையாக எழுந்தன. மூலையில் தேதி போட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு, பார்த்ததற்குச் சாட்சியாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மக்தலேனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ரங்கோனின் கியாக்டடா பகுதியில், நீதிமன்றக் கட்டடங்களுக்குப் பின்தெருவில், ஒரு பழைய மாடிப்படியின் அடியில் அவர் மேஜை இருக்கிறது. வக்கீல் அல்ல. வக்கீல் குமாஸ்தாவும் அல்ல. அந்தத் தெருவில் மனு டைப் அடிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. மற்றவர்கள் நில விற்பனை, விவாகரத்து, தொலைந்த பாஸ்போர்ட் என்று வந்ததையெல்லாம் அடிக்கிறார்கள். மக்தலேனா ஒரே வகை மனுதான் அடிக்கிறார். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுக்காரர் என்று சொல்லும் அட்டை இல்லாதவர்களின் மனு. வருகிறவர்கள் அவரைச் சாயாமா என்கிறார்கள். பர்மியில் டீச்சர் என்று பொருள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை.

மேஜைமேல் பர்மிய எழுத்து டைப்ரைட்டர். கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறவர்களுக்கு அவர் சுவரில் ஒட்டியிருக்கும் மின்வெட்டு அட்டவணையைக் காட்டுகிறார். இடது கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம், அப்பாவுடையது. அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தராக இருந்தவர். காலை பத்து மணிக்கு மேல் மக்தலேனா தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. மதியம் தூக்கில் கொண்டுவந்த சோற்றை நாப்பித் துவையலோடு சாப்பிடுவார். அந்த நேரத்தில் கோப்புகளையெல்லாம் ஜெராக்ஸ் கடைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். மீன்வாடை ஏறிவிடுமாம். “சாட்சி நாறக்கூடாது” என்கிறார்.

கோபம் வந்தால் தமிழை விட்டுவிட்டுப் பர்மியில் பேசுகிறார். அதுவும் மிக மரியாதையான பர்மி. சாதாரண நாட்களில் கோ கருப்பையா, அண்ணன் என்பது போல. கோபத்தில் ஊ கருப்பையா, ஐயா என்பது போல. ஊ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர்கள் தாமாகவே செருப்பைத் தேடுகிறார்கள்.

1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை அவர் பஸ் நம்பர் சொல்வது போலச் சொல்கிறார். மனுதாரர்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. அந்தச் சட்டத்தில் குடிமக்கள் மூன்று வகை. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை. நடு வகைக்கு நீலம். பச்சை கடைசி. பிறந்தது இங்கே என்பது மட்டும் எந்த நிறத்துக்கும் போதாது. 1948 ஜனவரி நாலாம் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. தகப்பனோ பாட்டனோ அதற்கு முன்பே இங்கே குடியிருந்தார் என்று மறுக்க முடியாத சான்று காட்டினால், பச்சைக்கு விண்ணப்பிக்கலாம். அது பிரிவு நாற்பத்திரண்டு.

கருப்பையாவுக்கு எந்த நிறமும் இல்லை. அறுபத்தோரு வயது, ஒரு கிடங்கில் காவல் வேலை. பிறந்தது லான்மடாவில். அவர் மனைவி த்வாண்டேயில் பானை செய்யும் பர்மிய வீட்டுப் பெண், இளஞ்சிவப்பு அட்டைக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு கருப்பையா அங்கேயே போய்க் குடியிருந்தார். 2008இல் நர்கிஸ் புயலில் வீட்டோடு டிரங்குப் பெட்டியும் போயிற்று. அதில்தான் அப்பாவின் காகிதங்கள் இருந்தன. தவலை மட்டும் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது.

மகள் விஜயகுமாரிக்குப் பத்தொன்பது வயது. நர்ஸ் படிப்பில் சேர வேண்டும். அதற்கு இளஞ்சிவப்பு அட்டை வேண்டும். தாய் இளஞ்சிவப்பு, தகப்பன் பச்சை என்றால் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு உண்டு. அது பிரிவு ஏழு. தகப்பனுக்கு எதுவுமே இல்லை என்றால் பிள்ளையும் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். போன மழைக்காலத்தில் டலா படகுத்துறையில் அட்டை கேட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய்மாமன் வீட்டுத் துக்கத்துக்கு அவளால் போக முடியவில்லை.

“நாப்பத்திரண்டுல ஏறி ஏழுல இறங்கணும், கோ கருப்பையா” என்றார் மக்தலேனா. “நீங்க ஏறினாத்தான் புள்ள இறங்க முடியும்.”

ஆறு வருஷமாக ஓடும் கோப்பு. வட்டார அலுவலகத்தில் கடைசி விசாரணை செவ்வாய்க்கிழமை. அதில் தேறினால் கோப்பு மேலே போகும், அதற்கு ஒரு கடிதம் தருவார்கள். இப்போதைக்கு அந்தக் கடிதம் போதும் என்று நர்சிங் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் புதன்கிழமை.

“எல்லார்கிட்டயும் இப்படிச் சான்று கேப்பாங்களா?” என்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

“மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பாட்டன் வந்த தேதி கேப்பாங்க. ஒரே படிக்கட்டு, எதிர் வீட்டுக்காரன்கிட்ட கேக்க மாட்டாங்க. என்னைக் கலாமான்னு கூப்பிட்ட ஆளு ஒருத்தர் இருக்காரு. அவருக்குச் சீனப் பாட்டன்னு அப்புறம் தெரிஞ்சு, இங்கதான் வந்து உக்காந்தாரு. அவருக்கும் அடிச்சுக் குடுத்தேன்.” கலாமா என்பது இந்திய முகமுள்ள பெண்ணைப் பார்த்துச் சொல்லும் சொல். மக்தலேனாவின் சொந்த அட்டை பச்சை. அது கிடைக்கப் பதினொரு வருஷம் ஆயிற்று. அப்பாவின் ஞானஸ்நானப் பதிவேடு உதவியது.

சான்று எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது என்கிறார். ஒரு குடும்பத்துக்குக் கல்லறைக் கல் உதவியது. இன்னொரு குடும்பத்துக்கு 1938இல் எடுத்த கால்பந்துக் குழுப் படம், கோல் காத்தவர் மனுதாரரின் தகப்பனார். தீமிதிக்குக் கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய சலவைக்கல் ஒன்றை மூன்று நாள் தேய்த்துப் படியெடுத்தார். ஒரு பெயர்தான் தேவைப்பட்டது. கல்லில் இருந்த நாற்பத்தொரு பெயரையும் எடுத்து வைத்திருக்கிறார். மற்றவர்களின் பேரப்பிள்ளைகள் எப்போதாவது வருவார்களாம். இதுவரை ஆறு பேர் வந்திருக்கிறார்கள்.

கோப்பில் ஓட்டை இருந்தால் மறைப்பதில்லை. அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார். “ஓட்டையை நாமளே காட்டிறணும். அவங்க காட்டினா அது பொய்யி. நாம காட்டினா அது ஓட்டை மட்டும்தான்.”

கருப்பையாவின் தவலையில் இருந்த ஓட்டை விய வருஷம். தமிழ் வருஷங்கள் அறுபது. அறுபதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. விய 1946இல் பிறந்தது. 2006இலும் பிறந்தது. மாசி மாதம் என்றால் ஒன்று 1947, அல்லது 2007. முதலாவது என்றால் சுதந்திரத்துக்குப் பத்து மாதம் முன்பு, கருப்பையா தேறினார். இரண்டாவது என்றால் அது யாரோ அண்மையில் வாங்கிய பாத்திரம். இதையும் மக்தலேனாவே எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரி படித்துவிட்டு, பாத்திரத்தையே கொண்டுவாருங்கள், பழையதா புதியதா என்று கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

“தேய்ஞ்ச புள்ளிதான் நம்ம சாட்சி” என்று அந்த வியாழக்கிழமை மக்தலேனா தவலையைக் கருப்பையாவிடம் திருப்பிக் கொடுத்தார். “எத்தனை வருஷம் புளி போட்டுத் தேய்ச்ச தேய்ப்பு. பத்திரமா வைங்க. செவ்வாக்கிழமை கொண்டு வந்தாப் போதும்.”

கருப்பையா திங்கட்கிழமையே கொண்டுவந்துவிட்டார். புதுத் துண்டில் சுற்றியிருந்தார். மகளும் கூட வந்திருந்தாள். மேஜைமேல் வைத்து, முடிச்சை அவிழ்த்து, துண்டை நான்கு பக்கமும் விரித்தார்.

தவலை மின்னியது. ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். எழுத்துகள் ஆழமாக, ஒரே அளவாக, புத்தம் புதிதாக இருந்தன. வரியின் முடிவில் புதிதாக நான்கு எண்கள்: 1947.

“என்ன இது?”

“லான்மடாவுல மெருகு போடக் குடுத்தேன் சாயாமா. ஆபீஸுக்குப் போற சாமான். கரி புடிச்சாப்பல எப்படிக் கொண்டுபோறது? எழுத்தும் மங்கலா இருந்துச்சுல்ல. அதே புள்ளி மேல அதே புள்ளி, ஒண்ணு விடாமக் குத்தச் சொன்னேன். பக்கத்துலயே நின்னேன்.”

“இந்த நாப்பத்தேழு?”

“அவங்களுக்குத் தமிழ் வருஷம் புரியாதுல்ல. ஒத்தாசையா இருக்கட்டும்னு...”

விஜயகுமாரி பர்மியில் சொன்னாள்: “அப்பா புதுச் சட்டையும் வாங்கியிருக்கிறார்.”

மக்தலேனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். “ஊ கருப்பையா” என்றார். பிறகு பர்மியில், ஒவ்வொரு சொல்லாக: “உங்கள் அம்மாவின் கல்யாணத்தை நேற்று நீங்களே நடத்தி வைத்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.”

கருப்பையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. துண்டை எடுத்துத் தவலையை மூடப் பார்த்தார். விஜயகுமாரி மூடினாள்.

மக்தலேனா கோப்பைப் பிரித்து, வியாழக்கிழமை எடுத்த பென்சில் படியை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் கடைசிச் சொற்களை விரலால் தட்டி, தமிழுக்குத் திரும்பினார்.

“தவலை ரெண்டுன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு எங்க?”

“அதுவா... அது போயிருச்சு சாயாமா. லான்மடாவுல இருந்தப்ப எதுத்த வீட்டு உம்மு சல்மா நோன்புக் கஞ்சிக்குன்னு வாங்கிட்டுப் போச்சு. திருப்பியே தரல. அம்மா சாகுற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்துச்சு.”

“எந்த வருஷம் வாங்கிட்டுப் போச்சு?”

“அதோட மூத்தவன் பிறந்த வருஷம். தொண்ணூத்தேழு.”

“தொண்ணூத்தேழு” என்றார் மக்தலேனா. “ரெண்டாயிரத்தேழுல செஞ்ச தவலையைத் தொண்ணூத்தேழுல இரவல் வாங்க முடியுமா?”

கருப்பையா யோசித்தார். “முடியாது.”

“அந்தம்மா திருப்பிக் குடுக்காதது எவ்வளவு நல்லதாப் போச்சு.”

“எங்கம்மா இருந்து கேட்டா உங்களையும் சேத்துத் திட்டும்.”

அப்போதே நால்வரும் லான்மடாவுக்குப் போனோம். உம்மு சல்மா இன்னும் அதே தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தார். கீழே தொங்கிய கயிற்றைக் கருப்பையா இழுத்தார். மேலே மணி அடித்தது. பால்கனியில் முக்காடிட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

“யாரு, கருப்பையாண்ணனா? தவலைக்குத்தானே வந்தீங்க?”

நாங்கள் மாடி ஏறுவதற்குள் தவலையைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். அடிப்புறம் விரல்கடை தடிமனுக்குக் கரி. கழுத்தில் பச்சைக் களிம்பு. எழுத்துகளைத் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தேய்ந்த, மழுங்கிய எழுத்துகள். மக்தலேனா தரையில் உட்கார்ந்து, தவலையைத் தூக்காமல், அதைச் சுற்றித் தான் நகர்ந்து நகர்ந்து படித்தார்.

“நான் தரமாட்டேன்னு சொல்லல” என்றார் உம்மு சல்மா. “உங்கம்மா ஒருநாளும் வாய்விட்டுக் கேக்கல.”

“கேட்டுச்சே. தெனமும் கேட்டுச்சு. எங்ககிட்ட.”

“எங்கிட்டயில்ல கேக்கணும்? ஒவ்வொரு வருஷமும் இந்த நோன்பு முடியட்டும், குடுத்துருவோம்னு நினைப்பேன். பெருநாள் வந்துரும், மறந்துரும். எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே.”

மக்தலேனா வந்த காரியத்தைச் சொன்னார். தவலை மட்டும் போதாது, தொண்ணூற்றேழிலிருந்து தன்னிடம் இருந்தது என்று ஆபீஸில் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். உம்மு சல்மா உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து மக்தலேனாவின் கையில் கொடுத்தார்.

“தற்காலிகமா ஒரு வெள்ளைக் கார்டு குடுத்திருந்தாங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல எல்லாரும் ஒப்படைங்கன்னாங்க. ஒப்படைச்சேன். இந்த ரசீதைக் குடுத்தாங்க. இதை வச்சுக்கிட்டு நான் எந்த ஆபீஸ் படியும் ஏறுறதில்ல சாயாமா. ஏறினா நீ யாருன்னு கேப்பாங்க. கேக்காம இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுல இருக்கேன். தவலையைத் தர்றேன். பேரைத் தரமாட்டேன்.”

கருப்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மக்தலேனா கையைக் காட்டித் தடுத்தார். வற்புறுத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

“வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது” என்றார். “ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா அது பொய். நாளைக்குப் பதினோரு மணி. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

தவலையை எடுக்கப் போன கருப்பையாவையும் தடுத்துவிட்டார். “அது இருக்கிற இடத்துல இருக்கட்டும். நீங்க கொண்டுவந்தா, நேத்து நீங்க வாங்கினதும்பாங்க.”

படி இறங்கும்போது விஜயகுமாரி தமிழில் கேட்டாள். அவள் தமிழ் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான். “வருவாங்க?”

“தெரியாதும்மா” என்றார் மக்தலேனா.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். உம்மு சல்மா வரவில்லை. அதிகாரி நாற்பது வயதுப் பெண். முதலில் தவலையைப் பார்த்தார். அதன் பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது. பிறகு மக்தலேனா வைத்த முதல் பக்கத்தைப் படித்தார். முதல் வரி: இந்தப் பாத்திரம் சாட்சியாகாது, விண்ணப்பதாரரே இதன் எழுத்தைச் சில நாட்களுக்கு முன் புதிதாக வெட்டிவிட்டார்.

“உங்கள் ஆளைப் பற்றி நீங்களே இப்படி எழுதுகிறீர்களா?”

“நான் எழுதாவிட்டால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்” என்றார் மக்தலேனா.

அதிகாரி பென்சில் படியைப் பார்த்தார். இது காகிதம், பாத்திரம் அல்ல என்றார். மக்தலேனா ஆம் என்றார். புதுச் சட்டையின் காலருக்குள் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டிருந்தார் கருப்பையா. விஜயகுமாரி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி கோப்பை மூடி, அதன் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஏதோ உலோகம் ஒவ்வொரு படியிலும் இடித்தது. “மெதுவாப்பா, மெதுவா! எத்தனை படி வச்சிருக்காங்க!” சைக்கா என்னும் சைக்கிள் ரிக்ஷாவை ஓட்டுகிறவர் ஒரு பக்கமும் உம்மு சல்மா ஒரு பக்கமுமாகத் தவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உம்மு சல்மாவின் முக்காட்டில் கரி.

அதிகாரி கட்டிய கயிற்றை அவிழ்த்தார்.

“இது உங்களுடையதா?”

“இல்லை.”

“யாருடையது?”

“இவருடைய அம்மாவுடையது. என் மூத்த மகன் பிறந்த வருஷம் இரவல் வாங்கினேன்.” மகனின் பிறப்புச் சான்றிதழை வைத்தார். அதைக் கொண்டுவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“இருபத்தெட்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லையா?”

“கேட்கவில்லை” என்றார் உம்மு சல்மா. கருப்பையா தரையைப் பார்த்தார்.

அதிகாரி மேஜையைச் சுற்றி வந்து குனிந்தார். செல்போன் வெளிச்சத்தில் எழுத்துகளைப் பார்த்தார். நகத்தால் களிம்பைச் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். நாற்காலிக்குத் திரும்பி, சாட்சியின் அட்டையைக் கேட்டார். உம்மு சல்மா ரசீதை நீட்டினார்.

அதிகாரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “அட்டையே இல்லாதவரின் சாட்சியத்தை நான் எப்படி வாங்குவது?”

மக்தலேனா பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். மெல்லிய புத்தகம், முனைகள் தேய்ந்து வட்டமாகியிருந்தன. இரண்டு கைகளாலும் மேஜைமேல் வைத்தார். மிக மரியாதையான பர்மியில் சொன்னார்: “சாட்சி சொல்கிறவர் என்ன நிற அட்டை வைத்திருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவில் இருக்கிறதோ, அதைத் தயவுசெய்து காட்டுங்கள். நான் எழுந்து போய்விடுகிறேன். இதைத் தினமும் படிக்கிறேன். என் கண்ணில் படவில்லை.”

அதிகாரி புத்தகத்தைத் திறக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ரசீதின் எண்ணை அதில் எழுதினார். ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார். உம்மு சல்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு மறுபடி இழுப்பறைக்குள் போனது. வாக்குமூலத் தாள் உம்மு சல்மாவின் பக்கம் வந்தது.

“இங்கயா சாயாமா?”

“அங்கதான்.”

நிதானமாக, வட்டம் வட்டமாக, பர்மிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றே முக்காலுக்குக் கடிதம் கிடைத்தது. விசாரணை முடிந்தது, கோப்பு மேலிடத்துக்குப் போகிறது என்று இரண்டு வரி. விஜயகுமாரி அதை மூன்று முறை படித்தாள். கரித் தவலையைச் சான்றுப் பொருளாக அலுவலகத்தில் வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்: பித்தளைப் பாத்திரம் ஒன்று, அழுக்கானது.

“அப்ப நோன்புக்கு நான் எதுல காய்ச்சுறது?” என்றார் உம்மு சல்மா. “இன்னும் ஒரு மாசம்கூட இல்ல.”

கருப்பையா மெருகு போட்ட தவலையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சைக்காவில் வைத்தார். “இந்தா, இதைக் கொண்டுபோ. இதுலயும் எங்கம்மா பேருதான்.”

“இந்த நோன்பு முடியட்டும். குடுத்துர்றேன்.”

“கேட்டாத்தான் குடுப்பியாமே.”

சைக்கா போன பிறகு, அந்த எண்ணை அதிகாரி ஏன் தனி நோட்டில் எழுதினார் என்று மக்தலேனாவைக் கேட்டேன். “தெரியல” என்றார். “நல்லதுக்கும் எழுதுவாங்க. மத்ததுக்கும் எழுதுவாங்க.” தெருமுனைக் கடையில் தண்ணீர் வாங்கி, ஒரு பாட்டில் முழுவதையும் நின்றபடியே குடித்தார்.

மறுநாள் புதன்கிழமை. விஜயகுமாரி எட்டு மணிக்கே போய் நர்சிங் பள்ளியில் வரிசையில் நின்றாள். கடிதத்தின் நகலோடு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். கருப்பையா வேலைக்குப் போனார். கியாக்டடாவில் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மின்சாரம் இல்லை. மக்தலேனா ஒன்பதே முக்காலுக்கு வந்து, டலாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு மனு அடிக்க ஆரம்பித்தார். பதினொன்றரைக்கு உம்மு சல்மா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, நிறையக் காகிதங்கள். மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பையை மேஜைமேல் வைத்தார். மக்தலேனா டலா குடும்பத்திடம் பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார். பாதி அடித்த தாளை உருவி ஓரமாக வைத்தார். புதுத் தாள் ஒன்றைச் செருகி, குமிழைத் திருகினார்.